பிரசவ மூச்சுப் பயிற்சிக்குப் பெயர் தந்த டாக்டர்: யார் இந்த லமாஸ்?

ஹாலிவுட் படங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி. பிரசவ அறை. நெற்றியெல்லாம் வியர்வையோடு படுத்திருக்கும் மனைவி. பக்கத்தில் அவளைவிட அதிகமாகப் பதறிப்போன கணவன், 'ஹீ... ஹீ... ஹூ...' என்று வாயால் மூச்சுவிட்டுக் காட்டுவார். அவள் கடுப்பாகி அவரை முறைப்பாள். நாமும் சிரித்துவிட்டு அடுத்த சீனுக்குப் போய்விடுவோம்.

அந்த மூச்சுக்கு ஒரு பெயர் இருக்கிறது: லமாஸ். இன்று நம்ம ஊர் தனியார் மகப்பேறு மருத்துவமனைகளின் விளம்பரங்களில்கூட 'லமாஸ் கிளாஸ்' என்ற சொல்லைப் பார்க்கலாம். கர்ப்பமாக இருக்கும் தோழியோ அக்காவோ இருந்தால், அவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருப்பீங்க.

லமாஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஃபெர்னான் லமாஸ், பிரான்ஸைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வலியே இல்லாமல் பிரசவம் நடக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் எது சரி, எது தப்பு என்று தெரிந்துகொள்வது, இன்று அந்த கிளாஸுக்குப் போகிறவர்களுக்கும் உதவும்.

எங்கிருந்து வந்தார்?

லமாஸ் 1891-ல் கிழக்கு பிரான்ஸின் வோழ் பகுதியில் பிறந்தவர். மருத்துவம் படித்து, பாரிஸில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்தார். 1947-ல் பாரிஸின் 11-வது வட்டாரத்தில் 'ப்ளுவே' என்ற தெருவில் இருந்த ஒரு பிரசவ மருத்துவமனைக்குத் தலைவரானார்.

அந்த மருத்துவமனையை நடத்தியது அரசாங்கமோ பெரிய தனியார் முதலாளியோ இல்லை. பாரிஸின் உலோகத் தொழிலாளர் சங்கம். தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களும் அவர்களுடைய மனைவிமாரும் பிரசவத்துக்கு அங்கே வந்தார்கள். பின்னால் நடந்த பல விஷயங்களுக்கு இது முக்கியம். அந்தச் சங்கம் இடதுசாரிச் சங்கம். சோவியத் யூனியனிலிருந்து வரும் ஒரு புது யோசனையைச் சந்தேகப்படாமல் காதுகொடுத்துக் கேட்கக்கூடிய இடம் அது.

அப்போது பிரசவம் எப்படி நடந்தது?

பிரசவ வலியைக் குறைக்க மருந்து கொடுக்கும் வழக்கம் 1847-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சனிடமிருந்து தொடங்குகிறது. 1853-ல் பிரிட்டன் ராணி விக்டோரியா தன் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

20-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் 'அரைத்தூக்க' முறை பரவியது. மார்ஃபினும் ஸ்கோபோலமைனும் சேர்த்துக் கொடுப்பார்கள். வலி முழுதாகப் போகாது, ஆனால் நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. மயக்கத்தில் பெண்கள் திமிறுவார்கள் என்பதால் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்ததும் உண்டு. கணவர் வெளியே வராந்தாவில். குழந்தை பிறந்தது அம்மாவுக்கே பிறகுதான் தெரியும்.

மறுபக்கம், எல்லாப் பெண்களுக்கும் இந்த மருந்தும் கிடைக்கவில்லை. ஏழைப் பெண்களுக்கு 'பொறுத்துக்கோ' என்பதுதான் சிகிச்சை. ஆக இரண்டே வழி: ஒன்று மயங்கிக் கிட, இல்லையென்றால் கத்து. உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இதைக் கேள்வி கேட்ட முதல் ஆள் லமாஸ் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933-லேயே இது பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். பயம் வந்தால் உடல் இறுகும், உடல் இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும் என்பது அவர் வாதம். இந்தச் சுழற்சியை எங்கேயாவது உடைக்க வேண்டும் என்றார்.

1951: எல்லாம் மாறிய வருடம்

1951-ல் பாரிஸில் மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேச மாநாடு நடந்தது. லெனின்கிராடிலிருந்து வந்த நிகோலாயெவ் என்ற சோவியத் மருத்துவர், தங்கள் நாட்டில் மருந்தே இல்லாமல், பயிற்சி மூலம் மட்டுமே வலியில்லாத பிரசவங்கள் நடப்பதாக அங்கே பேசினார். கேட்டவர்களில் லமாஸும் ஒருவர்.

அதே ஆண்டு சோவியத் யூனியனுக்குச் சென்ற பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்றில் லமாஸும் சேர்ந்துகொண்டார். லெனின்கிராடில் ஒரு பெண்ணின் பிரசவத்தைப் பக்கத்தில் நின்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். அந்தப் பெண் கத்தவில்லை. மயக்கத்திலும் இல்லை. முழு நினைவோடு, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவரைப் போல அமைதியாகக் குழந்தையைப் பெற்றெடுத்தார்.

லமாஸுக்கு அப்போது கிட்டத்தட்ட 60 வயது. பெரும்பாலானோர் ஓய்வு பற்றி யோசிக்கும் வயசு. பிரசவம் என்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்பது அவருடைய பல வருட அனுபவப் பாடம். அந்தப் பாடத்தை அவர் அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தார். பாரிஸ் திரும்பியதும் தன் மருத்துவமனையில் இதைத் தொடங்குவது என்று முடிவு செய்தார்.

சோவியத் டாக்டர்கள் என்ன கண்டுபிடித்திருந்தார்கள்?

மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லோவின் சோதனையைப் பள்ளியில் படித்திருப்பீங்க. சாப்பாடு வரும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிச்சத்தமே போதும். பழக்கம் மூளையில் பதிந்துவிடுகிறது.

உக்ரைனின் கார்கிவ் நகரில் வெல்வோவ்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைப் பிரசவத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு பெண் சின்ன வயதிலிருந்தே பிரசவம் என்றால் பயங்கர வலி என்று கேட்டே வளர்கிறாள். அதனால் கர்ப்பப்பை சுருங்க ஆரம்பித்ததுமே மூளை அதை வலியாகப் படித்துவிடுகிறது. அப்படியென்றால் மூளைக்கு வேறு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியாதா?

இதற்கு முன் சோவியத்தில் ஹிப்னாடிஸத்தை முயன்று பார்த்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியாக ஒரு நிபுணர் உட்கார வேண்டும், கட்டுப்படியாகவில்லை. போர் முடிந்த நேரம், மயக்க மருந்துக்கும் தட்டுப்பாடு. வகுப்பறையில் பத்துப் பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை மலிவானது. 1951-ல் சோவியத் சுகாதாரத் துறை இதை நாடு முழுக்க நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது.

லமாஸ் சேர்த்தது என்ன?

1952-ன் தொடக்கத்தில் ப்ளுவே மருத்துவமனையில் இந்த முறையில் முதல் பிரசவம் நடந்தது. சோவியத் முறையில் மெதுவான ஆழ்ந்த மூச்சுதான் இருந்தது. லமாஸும் சக மருத்துவர் பியேர் வெல்லே உள்ளிட்ட அவருடைய குழுவினரும் அதோடு வேகமான, மேலோட்டமான மூச்சைச் சேர்த்தார்கள். வெயிலில் ஓடிவந்த நாய்க்குட்டி இரைப்பதுபோல இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் அதை 'குட்டிநாய் மூச்சு' என்றே அழைத்தார்கள். சினிமாவில் வரும் 'ஹீ ஹீ ஹூ'வின் தாத்தா அதுதான்.

ஏன் இந்த வேக மூச்சு? இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, ஆழமாக மூச்சிழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கி, சுருங்கிக்கொண்டிருக்கும் கர்ப்பப்பையை அழுத்தும். மேலோட்டமாக மூச்சுவிட்டால் அந்த அழுத்தம் குறையும். இரண்டு, மூளைக்கு ஒரு வேலை கிடைக்கும். சுருக்கம் வந்தவுடன் மூச்சைக் கவனி, எண்ணு, தாளத்தைப் பிடி. அந்த வேலையில் மும்முரமாக இருக்கும் மூளை வலிக்கு முழுக் கவனமும் தராது.

ஆனால் மூச்சு மட்டுமே லமாஸ் முறை கிடையாது. அது ஒரு முழு பேக்கேஜ்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வகுப்புகள். கர்ப்பப்பை எப்படி வேலை செய்கிறது, குழந்தை எந்த வழியாக வருகிறது, எப்போது முக்க வேண்டும், எப்போது முக்கக்கூடாது என்று படம் போட்டு விளக்குவார்கள். ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் புரியும் மொழியில்.

ஒரு தசை இறுகும்போது மற்ற தசைகளைத் தளர்வாக வைத்திருக்கப் பயிற்சி கொடுப்பார்கள். பிரசவ நேரத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் உதவியாளர் கூடவே இருப்பார். கணவரும் உள்ளே வரலாம். 1950-களில் இது சாதாரண விஷயமில்லை.

இன்னொன்று, வார்த்தை. பிரெஞ்சு மொழியில் கர்ப்பப்பைச் சுருக்கத்தையே 'வலிகள்' என்றுதான் சொல்வார்கள். ப்ளுவேயில் அந்தச் சொல்லைத் தவிர்த்து, 'சுருக்கம்' என்று சொல்லப் பழக்கினார்கள். நமக்கு இது நன்றாகவே புரியும். தமிழிலும் பிரசவம் தொடங்கிவிட்டது என்பதை 'வலி எடுத்துடுச்சு' என்றுதானே சொல்கிறோம்? நமக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். பெயரிலேயே பயம் இருக்கிறது என்று லமாஸின் குழு நினைத்தது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. சோவியத்திலிருந்து வந்த முறை, தொழிற்சங்க மருத்துவமனை, ஆதரவு தெரிவிக்கும் கம்யூனிஸ்ட் கட்சி. இது போதாதா? பல மருத்துவர்களுக்கு லமாஸின் வேலை மருத்துவமாகத் தெரியவில்லை, பிரசாரமாகத் தெரிந்தது. ஏமாற்று, விளம்பரம் என்ற குற்றச்சாட்டுகளும் வந்தன.

மத ரீதியான கேள்வியும் இருந்தது. பெண் வேதனையோடுதான் பிள்ளை பெறுவாள் என்று பைபிளின் ஆதியாகமத்தில் வருகிறது. அப்படியிருக்க, வலியைப் போக்குவது கடவுளின் விருப்பத்துக்கு எதிரானதா?

பதில் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. 1956 ஜனவரி 8-ம் தேதி போப் பன்னிரண்டாம் பயஸ், மருத்துவர்கள் கூட்டத்தில் இதைப் பற்றியே பேசினார். இந்த முறையில் ஒழுக்க ரீதியாகவோ வேத ரீதியாகவோ தடை எதுவும் இல்லை என்றார். பொருள்முதல்வாதம் பேசும் நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு அறிவியல் கண்டுபிடிப்பை ஒதுக்க வேண்டியதில்லை என்பதும் அந்த உரையின் சாரம். மாஸ்கோவும் வாடிகனும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியது அந்தக் காலத்தில் அபூர்வம்.

அதே 1956-ல் லமாஸ் தன் முறையை விளக்கும் புத்தகத்தையும் வெளியிட்டார்.

இந்தக் கதையின் இருட்டுப் பக்கம்

இதுவரை படித்தால் லமாஸ் ஒரு ஹீரோ. ஆனால் கதை அவ்வளவு நேராக இல்லை.

அவர் தன் முறைக்கு வைத்த பெயர் 'வலியில்லாத பிரசவம்'. அது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி பலிக்காத பெண்களை என்ன செய்வது?

ப்ளுவேயில் ஒவ்வொரு பிரசவத்தையும் தரம் பிரித்தார்கள். மிக நன்று என்பதில் தொடங்கி முழுத் தோல்வி என்பதுவரை. அளவுகோல் என்ன தெரியுமா? அந்தப் பெண் எவ்வளவு நெளிந்தார், எவ்வளவு கத்தினார் என்பது. பிள்ளை பெற்ற கையோடு ரேங்க் கார்டு மாதிரி.

மோசமான தரம் கிடைத்தால், சரியாகப் பயிற்சி செய்யவில்லை, மனதுக்குள் சந்தேகம் வைத்திருந்தாள் என்று பழி அந்தப் பெண் மீதே விழுந்தது. அதிகம் கேள்வி கேட்கும் படித்த பெண்கள் தோற்றுவிடுவார்கள் என்ற எண்ணமும் இருந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் மகப்பேறு ஆர்வலர் ஷீலா கிட்ஸிங்கர் இதைக் கடுமையாக விமர்சித்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தையின் தலை திரும்பியிருக்கும் விதம், இடுப்பெலும்பின் அமைப்பு, பிரசவம் எத்தனை மணி நேரம் நீள்கிறது, இவை எதுவும் அந்தப் பெண்ணின் கையில் இல்லை. பத்து மணி நேரம் தாங்கிவிட்டுப் பதினோராவது மணியில் கத்தியவர் எப்படித் தோற்றவர் ஆவார்? பெண்ணுக்கு அறிவும் துணையும் கொடுத்த அதே முறை, வலியை அவளுடைய குற்றமாகவும் ஆக்கிவிட்டது.

பாரிஸிலிருந்து அமெரிக்காவுக்கு

1957 மார்ச் 6-ம் தேதி லமாஸ் இறந்துபோனார். ப்ளுவேயில் இந்த முறையை அவர் நடத்தியது வெறும் ஐந்து வருடம்தான்.

அதே ஆண்டு இந்த முறையை மையமாக வைத்து ஒரு பிரெஞ்சுப் படம் வெளியானது. மலைக்கிராமத்துக்குப் போய் வலியில்லாத பிரசவத்தைக் கற்றுக்கொடுக்கும் டாக்டராக அதில் நடித்தவர், அந்நாட்டின் பெரிய ஸ்டார் ஜான் கபான். நிஜமான ஒரு பிரசவக் காட்சியும் படத்தில் உண்டு.

ஆனால் லமாஸ் என்ற பெயர் உலகம் முழுக்கப் போனதற்கு ஒரு அமெரிக்கப் பெண்தான் காரணம். மார்ஜரி கார்மெல் 1955-ல் பாரிஸில் லமாஸிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர். ஊர் திரும்பிய பிறகு, அங்கே இப்படியொரு வசதியே இல்லை என்று தெரிந்தது. 1959-ல் தன் அனுபவத்தை எழுதி, லமாஸுக்கு நன்றி சொல்லும் தலைப்பிலேயே புத்தகமாகப் போட்டார். அது பெரிய ஹிட்.

1960-ல் கார்மெலும், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிசியோதெரபிஸ்ட் எலிசபெத் பிங்கும் சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைய 'லமாஸ் இன்டர்நேஷனல்' அதுதான். கணவரைப் பிரசவ அறைக்குள் கொண்டுவர அமெரிக்க மருத்துவமனைகளோடு மல்லுக்கட்டியவர்களில் பிங் முக்கியமானவர். 'இயற்கைப் பிரசவம்' என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. தயாராகிப் பெறும் பிரசவம் என்று சொல்வதையே விரும்பினார். மருந்து வேண்டாம் என்பது அவர் பேச்சு இல்லை, தெரிந்துகொண்டு முடிவெடு என்பதுதான். 100 வயது வாழ்ந்து 2015-ல் மறைந்தார்.

சரி, இந்த மூச்சு உண்மையில் வேலை செய்யுமா?

வலியை அழிக்காது. இதில் குழப்பமே வேண்டாம். பிரசவ வலி வெறும் பழக்கத்தால் வருவதல்ல. கர்ப்பப்பைத் தசை சுருங்கும்போதும், கர்ப்பப்பையின் வாய் விரியும்போதும் நரம்புகள் வழியாக நிஜமாகவே சிக்னல் போகிறது. பாவ்லோவை வைத்து அதை முழுதாக அணைத்துவிட முடியாது.

ஆனால் பயமும் பதற்றமும் வலியைக் கூட்டும் என்பது சரி. மூச்சும் தளர்வுப் பயிற்சிகளும் வலியைச் சமாளிக்கச் சிலருக்கு உதவுகின்றன. எவ்வளவு உதவும் என்பதற்கான ஆதாரங்கள் இன்னும் வலுவாக இல்லை. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், விரும்பும் பெண்களுக்கு மூச்சு மற்றும் தளர்வுப் பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறது. அதே ஆவணம், வலி நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு எபிடியூரல் ஊசியையும் பரிந்துரைக்கிறது. ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

லமாஸின் வேக மூச்சு இப்போது அவ்வளவு வலியுறுத்தப்படுவதில்லை. நீண்ட நேரம் வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைசுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதனால் இன்றைய வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது மெதுவான மூச்சு: மூக்கால் இழுத்து, வாயால் நிதானமாக விடுவது. சின்னச் சின்ன மூச்சாக ஊதுவது, முக்கத் தோன்றினாலும் முக்கக்கூடாத சில நிமிடங்களுக்குப் பயன்படும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கம், லமாஸ் பெரிதாகப் பேசாத ஒரு விஷயத்துக்குத்தான் நல்ல ஆதாரம் கிடைத்திருக்கிறது. துணை. பிரசவ நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் என்ன நடக்கும் என்று, 26 ஆய்வுகளில் பங்கேற்ற 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை வைத்து 2017-ல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. சிசேரியன் குறைகிறது, வலி மருந்தின் தேவை குறைகிறது, பிரசவ நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது என்று தெரியவந்தது. லமாஸ் அறைக்குள் அனுமதித்த அந்த உதவியாளரும் கணவரும் மூச்சைவிடப் பெரிய மருந்தாக இருந்திருக்கலாம்.

அப்போ அவர் தோற்றாரா?

ப்ளுவே மருத்துவமனை பாரிஸில் வேறு இடத்துக்கு மாறி, அதே பெயரில் இன்றும் இயங்குகிறது. பிரான்ஸில் இப்போது பெரும்பாலான பெண்கள் எபிடியூரல் எடுத்துக்கொள்கிறார்கள். 'வலியில்லாத பிரசவம்' என்ற வாக்குறுதியைக் காப்பாற்றியது லமாஸின் மூச்சு இல்லை, ஊசிதான்.

ஆனால் அவருக்கு முன்னால், பிரசவ அறையில் இருந்தவர்களிலேயே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் பிள்ளை பெறுகிறவர்தான். அதை மாற்றியதில் லமாஸுக்குப் பங்கு உண்டு. முன்கூட்டியே வகுப்பு, புரியும் மொழியில் விளக்கம், பக்கத்தில் ஒரு ஆள். இந்த மூன்றும் இன்று உலகம் முழுக்க நல்ல பிரசவப் பராமரிப்பின் பகுதி.

அவர் விட்டுச்சென்ற தவறையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். லமாஸ் கிளாஸுக்குப் போன உங்கள் தோழி, கடைசி நேரத்தில் மூச்சுப் பயிற்சியெல்லாம் மறந்துபோய்க் கத்தியதாகவோ, எபிடியூரல் கேட்டுவிட்டதாகவோ, சிசேரியன் ஆகிவிட்டதாகவோ குற்ற உணர்ச்சியோடு சொன்னால், அவருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். அந்தப் பரீட்சையே தேவையில்லாதது. எழுபது வருடங்களுக்கு முன் ஒரு டாக்டர் தெரியாமல் வைத்துவிட்டார். அதில் மார்க் எதுவும் இல்லை.